ருசி பார்க்காமல் சமைத்தவர்

வஞ்சிரம் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில்தான் சேதி வந்தது. மீன்காரம்மா தராசை இறக்காமலே, "உங்க பாலி நானா காலையில தவறிட்டாராம்ங்க" என்றார்.

அவரிடம் ஒன்றாகச் சமையல் கற்ற நமக்கெல்லாம் ஹபீப் அண்ணனை 'பாலி நானா' என்றுதான் தெரியும். திருமலைராயன்பட்டினத்துக்காரர். பாலித் தீவில் ஜவுளிக்கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, வயது எண்பதை நெருங்கும்போது தன் வீட்டுக் கொல்லையில் ஞாயிறுதோறும் நமக்கு பாலி சமையல் சொல்லித்தந்தவர். ஆண்களுக்கு மட்டும். "அங்கே விசேஷம்னா ஆம்பளைதான் நறுக்கணும், அரைக்கணும்" என்பார்.

நான் போனது பயத்தினால். மனைவி ஆசிரியர் பயிற்சிக்குப் பாண்டிச்சேரி போயிருந்தாள். என் சாம்பாரைப் பார்த்தாலே மகள் அழுதாள். "இப்படியே இருந்தா படிப்பை விட்டுட்டு வந்துடறேன்" என்று மனைவி சொல்லியிருந்தாள். எட்டாவதோடு நின்றவன் நான். படிப்பை நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். ஆம்பளைக்குச் சமையல் சொல்லித்தர ஊரில் வேறு இடமும் இல்லை.

கொத்திய மீனைத் தேங்காய்த் துருவல், சித்தரத்தை, மஞ்சள், மிளகாய் விழுதோடு பிசைந்து, குச்சியில் பிடித்துத் தணலில் சுட வேண்டும். கூடக் கற்ற உங்கள் மீனெல்லாம் குச்சியில் இருந்தது. என்னுடையது தணலில் கிடந்தது.

"தம்பி, உங்க மீன் மட்டும் கடலுக்குத் திரும்பப் பாக்குது. இன்னும் பிசைங்க."

விழுதை நக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "படைக்கிறதுக்கு முன்னாடி அங்கே யாரும் வாயில வைக்க மாட்டாங்க. மூக்கால பாருங்க."

"உப்பு எப்படித் தெரியும் நானா?"

"நோன்புல எங்க வீட்ல ருசி பாத்தா கஞ்சி காய்ச்சறாங்க? உங்க வீட்ல பொங்கல் படைக்கறப்ப?"

விழுதை முகர்ந்து பார்த்தேன். என் வீட்டு வழக்கத்தை எனக்குச் சொல்ல ஒருவர் கடல் தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மனைவி தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டியைப் பார்த்ததுமே, படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சுட்ட மீனைத் தட்டில் வைத்தேன். கடித்தாள். "உப்பு இல்ல" என்றாள். இன்னொரு குச்சி எடுத்தாள். மகள் மூன்றாவது குச்சியைத் தின்றுகொண்டிருந்தாள். மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திங்கக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் நானாவிடம் சொன்னேன். "உப்பு இல்லாமலே திரும்பிப் போறாங்கல்ல? அப்ப நீங்க பாஸ்" என்றார்.

இப்போது அவள் டீச்சர். நானாவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த மூக்கு. நேற்று அடக்கம் முடிந்து வந்து, வாங்கி வைத்த வஞ்சிரத்தைப் பிசைந்து சுட்டேன். ருசி பார்க்கவில்லை.

மனைவி கடித்துவிட்டு, "இன்னிக்கும் உப்பு இல்ல" என்றாள்.

இன்னொன்று எடுத்தாள்.