தொட்டி இருந்த பக்கம்

அத்தாவின் பாத்திரக் கடையில், அவர் உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். புனே கேம்ப்பில் அவர் தொழுதுவந்த பழைய பள்ளிவாசலின் உள்முற்றம்: மரத்தூண்கள், வளைவுகள், வலப்பக்கம் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டி. பெண்கள் அங்கே உள்ளே போகும் வழக்கமில்லை. எனக்குப் பள்ளிவாசல் என்றால் அந்தப் படம்தான். நான் எட்சிங் ஓவியர் ஆனதற்கு அந்தத் தூண்களே காரணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் அளந்திருக்கிறேன். அது பொய்யில்லை.

படம் பிடித்தது அத்தா. பிரிண்ட் போட்டது எட்டு வயது நான். விஷ்ராந்த்வாடி வீட்டுக் குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடி, சிவப்பு பல்பு போட்டிருந்தார். நெகட்டிவை நான்தான் வைப்பேன் என்று அடம்பிடித்து வைத்தேன். வெறும் தாளில் தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை.

பள்ளிவாசலை இடித்து மார்பிளில் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நெகட்டிவ் வீடு மாறியபோது தொலைந்தது. போன மழைக்காலத்தில் படமும் பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. கடையை விட்டு வீட்டோடு இருக்கும் அத்தா, முழங்கால் வலியைவிட அதற்குத்தான் அதிகம் வருந்தினார். தான் சாய்ந்து உட்கார்ந்த தூணை இனி எங்கே போய்ப் பார்ப்பது என்றார். நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போசரியில் உள்ள பட்டறை ஒன்றிலிருந்து செம்புத் தகடு வாங்கி, மெழுகு பூசி, மிச்சமிருந்த படத்தைப் பார்த்து ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டேன். ஒன்றரை மாத வேலை. தகட்டில் வரைவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் மாற்றித்தான் வரைய வேண்டும். என் வகுப்புக்கு வருகிறவர்களின் மண்டையில் முதல் நாளே இதை ஏற்றுவேன். அதே நான், தூண்களில் சொக்கிப்போய், படத்தில் இருந்தபடியே கீறித் தொலைத்திருந்தேன். மை பூசி அச்சிட்டு, ஈரத்தாளை உரித்துப் பார்த்தால் தொட்டி இடப்பக்கம் நிற்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒளித்துவைப்பதற்குள் அத்தா கைத்தடியோடு வந்துவிட்டார். தப்பாகிவிட்டது, வேறு தகட்டில் செய்கிறேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தொட்டிக்குப் பக்கத்துத் தூணின் அடியில் விரலை வைத்தார்.

"இங்கனதான் உக்காருவேன். தொட்டி இந்தப் பக்கந்தான் இருந்துச்சு."

அப்படியானால் கடையில் இருந்த படத்தில் ஏன் வலப்பக்கம் இருந்தது என்று கேட்டேன்.

"அன்னைக்கு நீ நெகட்டிவ உல்டாவா வச்சிட்ட தாயி. நீ போட்ட மொதப் படம். அதான் அப்படியே மாட்டுனேன்."

தினமும் உண்மையான தூணில் சாய்ந்து தொழுகைக்குக் காத்திருந்துவிட்டு, என் தப்பின் கீழே வந்து உட்கார்ந்து வியாபாரம் பார்த்திருக்கிறார். ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதியதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். பூஞ்சை பிடித்த பழையதை எறிந்துவிடலாமா என்று கேட்டேன். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், தன் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.