மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவில் அம்மா

மல்லியும் கனகாம்பரமும் வேறு வேறு குடும்பம் என்று தாவரவியல் வகுப்பில் படித்தபோது, இதைச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டுமா என்று நினைத்தேன். ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து பெயின்ட் டப்பாவில் இருந்தன. மல்லி கோடையில் பூக்கும், சாயங்காலம் விரிந்து மாடிப்படி வரை மணக்கும், மறுநாளே பழுப்பாகிவிடும். கனகாம்பரத்துக்கு அந்த அலட்டல் கிடையாது. வருசம் முழுக்கப் பூக்கும், பறித்தாலும் லேசில் வாடாது, வாசனை மட்டும் துளியும் இல்லை. காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை முகத்தில் அடிக்கும். அந்தச் செடியிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மல்லியைக் கட்டி எனக்கும் கீழ் வீட்டு அக்காவுக்கும் மாதா படத்துக்கும் கொடுத்துவிட்டு, அம்மா தன் கொண்டையில் கனகாம்பரத்தைச் சொருகிக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும். உனக்கு ரசனையே இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு மணலிப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் தலையைப் பார்ப்பார். "இன்னாமே, கலரு சும்மா பளிச்சுனு கீது" என்பார். தினமும் அதே வசனம்தான்.

போன கோடையில் அப்பா போனார். அதோடு அம்மா பூ வைப்பதை நிறுத்தினாள். யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், புருசன் போனவளுக்குப் பூ இல்லை என்பதில் எங்கள் பக்கம் எல்லாத் தெருவும் ஒரே தெருதான்.

அப்பாவின் முதல் வருசப் பூசைக்காக, நான் இப்போது குடியிருக்கும் மாத்தூரிலிருந்து சாயங்காலம் வந்தேன். அம்மா மாடியில் மல்லி மொட்டு பறித்துக்கொண்டிருந்தாள். மாதாவுக்கா என்றேன்.

"எனக்கு" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. சர்ச்சில் எல்லோரும் பேசுவார்களே. வைத்தே ஆக வேண்டுமென்றால் கனகாம்பரம் வையேன், முக்காடு போட்டால் யாருக்கும் தெரியாது என்றேன்.

"அது உங்க நைனாவுக்கு வெச்சதுடி. கம்பெனி காத்துல அவருக்கு மூக்கே செத்துப்பூச்சு. வாசன தெரியாத மனுசன் முன்னாடி மல்லி வெச்சிகினு இன்னா பண்றது? கண்ணுக்காவது தெரியட்டும்னு வெச்சேன். எனக்கு எப்பவும் மல்லிதான்."

"என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவராண்ட ஒளறியிருப்ப. பாவம், மனசு வுட்டுடுவாரு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நானே பூவைக் கட்டி அவள் தலையில் வைத்துவிட்டேன்.

சர்ச்சில் அம்மா முக்காடு போட்டுத்தான் உட்கார்ந்தாள். மல்லி அதற்கெல்லாம் அடங்குமா? முன் பெஞ்சுப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஃபாதர் அப்பாவின் பெயரை வாசித்தார். அம்மா மெல்ல என் காதருகே குனிந்தாள்.

"மேல போனா ஒடம்புல இருக்குற கொறையெல்லாம் சரியாப்பூடும்னு சொல்றாங்கல்ல. இப்ப அவருக்கு வாசன வரும்டி."