அட்டையில் கெசியாவின் பெயர்

அச்சுக்குப் போகும் முன் பார்த்து ஒப்புதல் தரும்படி பதிப்பகத்திலிருந்து வந்த அட்டைப்படத்தைக் கெசியா சாப்பாட்டு மேசையில் விரித்தாள். கொந்தளிக்கும் கடல். பாய் கிழிந்த யவனக் கப்பல். பொன்னிற எழுத்துகளில் ‘கொற்கைத்துறை வீரன்’. எல்லாம் அவள் ஆசைப்பட்டபடியே இருந்தன. அடியில் மட்டும் ‘கயற்கொடிச் செல்வி’ என்று போட்டிருந்தது.

“யாரும்மா இது?” என்றான் அவள் கணவன் எபி.

“நான்தானாம்.”

எபி திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறைக்காரன். அதிகம் பேசமாட்டான். மனைவியின் முகத்தைப் பார்த்தவன், கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

நான்கு வருட உழைப்பு அது. தாம்பரத்தில் ஏறி கிண்டியில் இறங்கும்வரை, மகளிர் பெட்டியில் மடிமேல் நோட்டை வைத்து எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அதைக் கைபேசியில் தட்டி, கதைகள் படிக்கும் செயலி ஒன்றில் ஏற்றுவாள். கொற்கையில் முத்துக் குளிக்கும் ஒருவனுக்கும் முத்துகளைக் கொள்ளையிட வந்த யவனர்களுக்கும் நடக்கும் போராட்டம்தான் கதை. ஆயிரக்கணக்கானோர் வாராவாரம் காத்திருந்து படித்தார்கள். ஒருமுறை அந்தக் காலத்து மீன்குழம்பில் மிளகாயைப் போட்டுவிட்டாள். அப்போது இந்த நாட்டில் மிளகாயே கிடையாது என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். மறுவாரமே மன்னிப்புக் கேட்டு மிளகென்று மாற்றினாள்.

இப்படி வளர்ந்த கதையைத்தான் மாம்பலத்துப் பதிப்பாளர் வைத்தீஸ்வரன் புத்தகமாகப் போட முன்வந்து, ஒப்பந்தமும் போட்டார். பள்ளி நாள் முதல் கெசியா சுமந்த ஒரே கனவு, கடை அலமாரியில் தன் பெயரைப் பார்ப்பது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மாம்பலம் போனாள்.

வைத்தீஸ்வரன் கெட்டவர் இல்லை. காபி வரவழைத்தார். ராஜா கதைப் புத்தகத்தில் கெசியா என்ற பெயரைப் பார்த்தால், ஜெபப் புத்தகமோ என்று வாசகர் கையை எடுத்துவிடுவார்கள் என்று பக்குவமாக விளக்கினார். இந்தத் தொழிலில் அவருக்கு முப்பது வருட அனுபவம். கதையைத் தானே ஒருமுறை திருத்தி மெருகேற்றியிருப்பதாகவும் சொல்லி, அச்சுப்படியை அவள் பக்கம் நகர்த்தினார்.

கெசியா நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். நாயகன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆழ்கடலில் இறங்குகிறான். தோணியில் மறுமுனையைப் பிடித்திருப்பவன், அவனை ஜென்ம விரோதியாக வெறுக்கும் மைத்துனன். யவனர்கள் பொன்னைக் கொட்டுகிறார்கள். கயிற்றை விட்டுவிடு, போதும் என்கிறார்கள். அவன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியும் விடவில்லை. அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். அச்சுப்படியில் கயிறு நாயகனின் தம்பி கையில் இருந்தது.

அந்த வரியில் விரலை வைத்தாள்.

“கயித்தைத் தம்பி கையில யார் சார் குடுத்தது?”

“நான்தாம்மா. கூடப்பிறந்த பாசம்னா படிக்கிறவன் அழுவான். விரோதி மச்சான் கையில உயிரை எவனாவது குடுப்பானா?”

“எங்கப்பா குடுத்தாரு சார்.”

வைத்தீஸ்வரன் நிமிர்ந்தார்.

“எங்கப்பா லாசரஸ் தாம்பரம் வர்றதுக்கு முன்னாடி தூத்துக்குடிக் கடல்ல சங்கு குளிச்சவர். மேல கயிறு பிடிச்சவர் எங்க சாலமோன் மாமா. அம்மாவோட அண்ணன். ரெண்டு பேரும் பதினோரு வருஷம் முகம் குடுத்துப் பேசிக்கல. ஆனாலும் தினமும் கயிறு மாமா கையிலதான். அண்ணன் செத்தா தம்பிக்குச் சொத்துல பங்கு கூடும். மச்சானுக்குத் தங்கச்சி தாலியில்ல போகும்? அதனால அங்க மச்சான்தான் பிடிப்பாங்க.” அவள் மூச்சு வாங்கினாள். “உங்க கயற்கொடிச் செல்விக்கு இது தெரியுமா சார்?”

வைத்தீஸ்வரன் அச்சுப்படியைத் தன் பக்கம் இழுத்து, மைத்துனனைத் திரும்பப் போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார். பின்னட்டையில் அவள் புகைப்படத்தைக்கூடப் போடலாம், பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கட்டும் என்றார்.

ஒரு கணம் அவள் தடுமாறியது உண்மை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதமே புத்தகம் கடைக்கு வந்துவிடும். கண்ணில் நீர் திரண்டது. அதைத் துடைக்காமலே பேசினாள்.

“மிளகாய் தப்புன்னாங்க, திருத்தினேன். தப்புன்னா நூறு தடவை திருத்துவேன். என் பேருல என்ன சார் தப்பு? பாண்டியன் ஆண்ட கடல்லதான் எங்க ஆளுங்களும் மூச்சடக்கிக் கிடந்தாங்க. இந்தக் கதையைச் சொல்ல நான் யார்கிட்ட பேர் கடன் வாங்கணும்?”

ஒப்பந்தத்தை வாங்கி, அதன்மேலேயே ‘ரத்து செய்கிறேன்’ என்று எழுதினாள். கீழே லா. கெசியா என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபியைத் தொடாமல் படியிறங்கினாள்.

அதன்பின் மூன்று பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. அலுவலகத்தில் சிலர், வந்த வாய்ப்பைத் திமிரால் கெடுத்துக்கொண்டவள் என்று காதுபடவே பேசினார்கள். அவள் ஞாயிறுதோறும் அடுத்த கதையை எழுதிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சேலையூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிட்டிபாபு முன்வந்தார். அவர் மனைவி அந்தக் கதையை இரண்டு முறை படித்து அழுதவளாம். இதுவரை புத்தகம் எதுவும் அடித்ததில்லை என்றாலும் அடித்துப் பார்த்துவிடலாம் என்றார். கணினித் திரையில் ஒரு பாண்டிய ராஜாவை நிறுத்தி, அவர் தலைக்கு மேல் கெசியாவின் பெயரைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார். பிறகு யோசனையோடு தலையைச் சொறிந்தார்.

“பேரு ராசாவோட கிரீடத்துல இடிக்குது அக்கா. கொஞ்சம் சின்னதாக்கிடவா?”

“ராசாவைச் சின்னதாக்குங்க” என்றாள் கெசியா.