நான் முடிக்காத நாவல்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வியாழக்கிழமைகளில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வாரம் என்ன புத்தகம் படிக்கிறோம் என்று சொல்லாமல் யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூடாது. தொடங்கி வைத்தவள் நான்தான். அறிவியல் நடத்துகிறவர்களுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று தமிழ் ஐயா ஒருமுறை கேட்டுவிட்டார். அந்த ரோஷம்.

ரோஷம் இருந்த அளவுக்கு நேரம் இல்லை. வரிச்சிக்குடியிலிருந்து காரைக்காலுக்குப் பஸ்ஸில் வந்து போகும் நேரம்தான் என் வாசிப்பு. உட்கார இடம் கிடைக்காத நாட்களில் அதுவும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். எனக்கு இல்லாமலேயே வந்தது. பின்அட்டையில் நாலு வரி, நடுவில் பத்துப் பக்கம், அதை வைத்துக்கொண்டே ரசம் சாதம் ஆறும்வரை பேசுவேன்.

போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஒரு தடித்த நாவலைப் பற்றிப் பேசினேன். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு கடல் தாண்டிப் போன மகன். துறைமுக ஊரில் காத்திருக்கும் அப்பா. மூன்றில் ஒரு பங்குதான் படித்திருந்தேன். அதுவரை மனதார ரசித்தேன், அதில் பொய் இல்லை. "நேத்துதான் முடிச்சேன்" என்றதுதான் பொய்.

பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் உடனே கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய கணவர் முப்பது வருடம் துபாயில் கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சர்க்கரை நோய் அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் டீச்சர் அவருக்குப் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டுவார். அவர்களுடைய ஒரே மகனும் துபாயில்தான் இருக்கிறான். வீட்டில் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான் என்று அப்பா இரண்டு வருடமாக அவனோடு பேசுவதில்லை. அவனும் உம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்வான். இதெல்லாம் எனக்குத் தெரியும். பெருமை பேசுகிற மும்முரத்தில் அந்தக் கதையைப் போய் இந்த வீட்டுக்குக் கொடுக்கிறோமே என்று தோன்றவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, டப்பாவைத் திறக்காமலே டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அந்தப் பையன் கடைசில வந்துடுவான்ல? எங்க வீட்டுல அவங்க தெனமும் கேக்குறாங்க. வரமாட்டான்னா சொல்லிடுங்க, இத்தோட நிறுத்திடுறேன். ராத்திரி தூங்க மாட்டேங்குறாங்க."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எதிரே தமிழ் ஐயா உட்கார்ந்திருந்தார்.

"வந்துடுவான் டீச்சர். வாசல்ல வந்து நிப்பான். தைரியமா படிங்க."

கணக்கு டீச்சர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் என் டப்பாவை மூடிவைத்தேன். சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போய் அதே நாவலைத் தேடியெடுத்து, அலமாரி அருகே நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். மகன் வரவில்லை. அப்பா இறந்துபோகிறார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைப் பூட்டுவதோடு கதை முடிகிறது. என்மேல் வந்த கோபத்தில் புத்தகத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டு வந்தேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் மாலை நேரிலேயே போனேன். கணக்கு டீச்சர்தான் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"டீச்சர், நான் அத முழுசா படிக்கவே இல்ல. அந்தப் பையன் வரல. இதுக்கு மேல படிக்காதீங்க."

"நேத்தே முடிச்சாச்சு" என்றார், குரலைத் தாழ்த்தி. "கடைசிப் பக்கத்துக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. அவங்க முகத்தப் பாத்தேன். புத்தகத்துல உள்ளத வாசிக்க முடியல. நீங்க சொன்னதையே வாசிச்சுட்டேன்."

நான் தலை குனிந்து நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து அவர் கணவரின் குரல் கேட்டது. "டீச்சரா? உள்ள வாங்க. நல்ல புத்தகம் குடுத்தீங்க."

கட்டிலில் சாய்ந்திருந்தார். நாவல் அவர் மடியில் இருந்தது. என் குரல் வந்த திசையில் அதை நீட்டினார்.

"அவன் வந்து வாசல்ல நிக்கிற எடத்த இன்னொருக்கா வாசிக்கச் சொன்னா, இவ அப்புறம் அப்புறம்ங்குறா. நீங்க வாசிங்க."

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கதவைப் பூட்டும் வரி கண்முன் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வேறு சொன்னேன். மகன் வாசலில் நிற்கிறான். பையைக் கீழே வைக்கவில்லை. உள்ளே வரக் கால் எழவில்லை. அப்பாவுக்கு அவன் நிற்பது தெரிகிறது. எழுந்து வந்து, "ஏன் அங்கேயே நிக்கிற? உள்ள வா" என்கிறார். அதோடு புத்தகத்தை மூடினேன்.

அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"நேத்து இவ வாசிக்கறப்ப அவனாத்தான் உள்ள வந்தான். இப்ப அப்பன் கூப்பிடுறாரே?"

கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"இப்ப நீங்க வாசிச்சதுதான் சரி டீச்சர்" என்றார். மனைவி பக்கம் கையை நீட்டினார். "மவன் நம்பரப் போட்டு என் கையில குடு."