முழுச் சேதம்

கோவளத்தில் மீன் விற்கும் தேசம்மாளின் வாய்க்குப் பயந்து பேரம் பேசாமல் வாங்குகிறவர்களே அதிகம். அவளது கட்டுமரத்தைச் சுனாமி கொண்டுபோய்ப் பதினோராம் நாள்தான் சேதம் கணக்கெடுக்கும் அதிகாரி ஜீப்பில் வந்தார்.

பக்கத்து வீட்டு எட்டியப்பனின் கட்டுமரம் தப்பித்திருந்தது. கரையேறியதும் வழக்கம்போல் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போட்டிருந்தான். அதைப் பார்த்த அதிகாரி, "ஐயோ பாவம், முழுச் சேதம்" என்று எழுதிக்கொண்டார். தேசம்மாளிடம், "உன் மரம் எங்கம்மா? ஆதாரம் வேணுமே" என்றார்.

ஊரே கொதித்தது. கிளம்பிய ஜீப் பத்தடியில் மணலில் புதைந்தது. "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்றார். ஒருவரும் அசையவில்லை.

"மனு எழுதிக் குடுத்துட்டு நட சார்," என்றாள் தேசம்மாள். "பதினோரு நாள் கழிச்சி வந்து, வண்டி பொதைஞ்சி கீதான்னு பாக்குறோம்."