பதினோரு வீட்டுக்கு நான் சொன்ன சாட்சி

எனக்கு வாய் நீளம். அதை நான் மறைத்ததில்லை. சந்தையில் எடை குறைந்தால் தராசைப் பிடித்து நிறுத்திவிடுவேன். ரோட்டு மேஸ்திரி தப்பாகப் பேசினால் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டுவிடுவேன். அதனால்தான் பதினோரு வீட்டுக்கும் சேர்த்து என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த யோசனை யாருக்கு வந்ததோ.

அரிமளம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு செம்மண் பொட்டல். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம், ரோட்டு வேலைக்குக் கல்லுடைக்க வந்த நாங்கள் அங்கே கூரை போட்டோம். காரைமுள்ளும் கள்ளியும் மண்டிக் கிடந்த இடம். முதலில் மூன்று வீடு, போகப் போகப் பதினொன்று. இடம் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுக்காரருடையது. ஒருநாள் அவர் வண்டியை நிறுத்தி எங்களைப் பார்த்தார். இருங்கள் என்றும் சொல்லவில்லை, எழுந்து போங்கள் என்றும் சொல்லவில்லை. மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். என் மூன்று பிள்ளைகளும் அந்தப் பொட்டலில்தான் பிறந்தார்கள். கிணறு வெட்டினோம், பாறையில் முட்டியது, தள்ளிப் போய் இன்னொன்று வெட்டினோம். அதில்தான் தண்ணீர் வந்தது.

இப்படிப் பதினாலு வருஷம். பெரியவர் காலமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, அவர் மகனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அங்கே முந்திரி போடப் போகிறாராம். ஒரு மாதத்தில் காலி பண்ண வேண்டுமாம். பதினோரு வீட்டிலும் அன்றைக்கு உலை வைக்கவில்லை. எங்கே போவது? எங்களுக்கு வேறு ஒரு சாண் மண் கிடையாது.

பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் வீட்டுவரி ரசீதுகளைப் புரட்டினார். குத்தகையோ வாடகையோ கொடுத்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஊரறிய, யாரு அனுமதியும் இல்லாம, சொந்த இடமா நெனச்சு இருந்திருக்கீங்க. இத்தனை வருஷமா அவங்க கோர்ட்டுக்கு வரலை. இனிமே எழுப்ப முடியாது. சட்டம் ஒங்க பக்கம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் என்பது எங்களைத் துரத்துவதற்கென்றே எழுதியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது செரிக்கவே இல்லை. அடுத்தவன் இடம் எப்படி நம்முடையதாகும் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் முனகிக்கொண்டே வந்தார். சும்மா கெட என்று நான்தான் அதட்டினேன்.

பெரியவர் மகன் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு மாசி மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். எங்கள் இடம், யாரையும் கேட்டு நாங்கள் இருக்கவில்லை என்று கணீரென்று சொன்னேன். அப்புறம் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். ஒல்லியான மனிதர், குரலே எழும்பாது. பிள்ளைகள் எத்தனை, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா என்று சொந்தக்காரர் மாதிரி விசாரித்தார். பிறகு, பொங்கலுக்குப் பெரிய வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோவதுண்டா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்களை நன்றிகெட்ட ஜனம் என்று நினைத்துவிட்டாரா?

"ஏன் கொண்டுபோகாம? கூரையில காய்ச்ச மொதப் பரங்கிக்காய் அவுக வீட்டுக்குத்தான். அது போகாம எங்க பதினோரு வீட்லயும் பொங்கப்பானை அடுப்புல ஏறாது. ஒரு வருசம் தவறுனதில்லைங்க."

ஊரில் இத்தனை வீடு இருக்க, அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் என்றார்.

"அவுக எடத்துலதான இருக்கோம். அவுக மனசு வச்சுல்ல விட்டு வச்சிருக்காக."

போதும் என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார். நான் நிமிர்ந்து நடந்து இறங்கினேன். நன்றாகக் கொடுத்தேன் பார்த்தாயா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் தலையாட்டினார். எங்கள் வக்கீல் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மரத்தடியில் நிறுத்தி விளக்கினார். "அவுக விட்டு வச்சாகன்னு ஒங்க வாயாலேயே சொல்லிட்டீங்கம்மா. அவங்க அனுமதியில இருந்ததா ஆயிருச்சு. அப்படி இருந்தா நூறு வருஷமானாலும் எடம் ஒங்களுக்கு ஆகாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல் கெடுத்தது தன் ஒரு உயிரைத்தான். பரங்கிக்காய் சங்கதியை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார். எப்படிச் சொல்வோம்? பெரியவர்களுக்குக் கும்பிடு போடுவதை யாராவது வக்கீலிடம் போய்ச் சொல்வார்களா? மரியாதை என்று நினைத்துச் செய்தது எங்களுக்கு எதிரான அத்தாட்சியாகும் என்று எந்தச் சாமி வந்து எங்களுக்குச் சொன்னது?

தீர்ப்பு நாங்கள் பயந்தபடியே ஆனது. மேல்கோர்ட்டுக்குப் போனாலும் அந்த வாக்குமூலம் கூடவே வரும் என்று வக்கீல் கைவிரித்துவிட்டார். வெயில் கொளுத்துகிற சித்திரையில் கோர்ட் அமீனா ஆட்களோடு வந்து நின்றார். அவர்கள் கை வைப்பதற்குள் நாங்களே கூரைகளைப் பிரித்தோம். ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு வரை ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடைசி வீட்டுக்காரி பச்சை உடம்புக்காரி, பிள்ளை பிறந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளையை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"ஒரு பொய்தானக்கா. எங்களுக்காகச் சொல்லியிருக்கலாம்ல?"

ஊரில் எவருக்கும் பதில் வைத்திருக்கிற நான், அவள் சட்டி பானையைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டேன். அவள் கீரனூர்ப் பக்கம் இருக்கிற அவள் தாய்வீட்டுக்கு நடந்தாள். பொய் சொல்லக்கூடாது என்று என் பிள்ளைகளை அடித்து வளர்த்தவள் நான். இன்றைக்கு அந்தக் கூண்டில் ஏற்றிக் கேட்டால், கூசாமல் பொய் சொல்வேன்.