தண்ணீர்மலையில் நான் வேண்டியது

என் பிள்ளையை மகள் என்று சொன்னால் அதற்கு முகம் சுருங்கிவிடும். மகன் என்று சொல்ல என் நாக்கு இன்னும் பழகவில்லை. அதனால் இப்போதைக்குப் பிள்ளை என்றே சொல்கிறேன். இருவருக்கும் அதில் வம்பில்லை.

பதினைந்து வயதில், பள்ளியில் மூன்றாம் படிவம் தொடங்கிய வாரமே முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "நீ எந்த டாய்லெட்டுக்குப் போகப் போற?" என்று கேட்டாராம். மொத்தக் கூட்டமும் சிரித்திருக்கிறது. அடுத்த நாள் வயிற்றுவலி என்றது. அதற்கப்புறம் சாக்கு சொல்லக்கூட இல்லை. பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டது.

கிளினிக் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும்.

"உங்க பிள்ளைய இப்படி நிக்க வச்சுக் கேட்டா சும்மா இருப்பீங்களா டீச்சர்?"

"நான் ரூல்ஸ்தான் சொன்னேன்லா, அம்மா."

கடைசியில் தலைமையாசிரியர் வந்து சமாதானம் செய்தார். பெண்பிள்ளைகள் போடும் பினாஃபோருக்குப் பதில் டிராக்சூட் போடலாம், முடியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்றார். சண்டையில் ஜெயித்த பெருமையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். பிள்ளை "ஓகே" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டது.

படிப்பு இதோடு நின்றுவிடுமோ என்று பயந்துவிட்டேன். பயம் வந்தால் நான் முருகனிடம்தான் ஓடுவேன். அன்று சாப்பிடும்போது, இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போடப்போகிறேன், பிள்ளைக்காக வேண்டுதல் என்று அறிவித்தேன். தலையில் பாதிக்கு மேல் வழுக்கையான என் வீட்டுக்காரர், "இந்த வீட்ல மிச்சம் இருந்ததே உன் முடிதான்" என்றார். நான் சிரித்தேன். பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டது. அதன் பிறகு என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. மொட்டைத் தலையோடு அம்மா வெளியே வருவது வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் தைப்பூசத்தன்று கூடவே வந்தது. என் தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு, பின்னால் தள்ளித் தள்ளி நடந்தது. முடி மடியில் விழுந்தபோது அழக் கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன்.

கோயிலுக்கு வந்திருந்த எங்கள் பிளாட்டின் கீழ்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலப்படாத. முருகன் கண்ணத் தொறப்பாரு. அடுத்த வருசம் பாரு, உம் பிள்ள முடி வளத்து, பாவாட கட்டிக்கிட்டு வந்து நிக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அத மாத்தச் சொல்லியா மொட்ட போட்டேன்? என் பிள்ள நல்லாத்தான் இருக்குக்கா. ஸ்கூலுக்குப் போகணும், அங்க யாரும் அத அழ வைக்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன்."

அக்கா "அப்படியா" என்று முனகிவிட்டு மோர்ப் பந்தல் பக்கம் நகர்ந்தார்.

திரும்பினால் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. கண் சிவந்திருந்தது.

"நெசமாவாம்மா? நான் மாறணும்னு வேண்டிக்கலயா?"

இத்தனை நாளும் அது என்னோடு பேசாததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"உங்கிட்ட மாத்த என்ன இருக்கு? சாப்பிட்ட தட்டக் கழுவி வச்சாப் போதும்."

சிரித்துவிட்டது. என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கி, அதுவே என் தலையில் தடவ ஆரம்பித்தது. உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"ஆடாம இரும்மா. காதுக்குப் பின்னால கொஞ்சம் முடிய விட்டுட்டாங்க."

ஆடாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தடவிக்கொண்டே சொன்னது:

"திங்கக்கெழம நீதான் ஸ்கூல்ல கொண்டு விடணும். கேட் வரைக்கும் எறங்கி வரணும். தொப்பி போடக் கூடாது."